அம்மா ஏறாத பாலம்

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் அப்பா மட்டும் காரை எடுத்துக்கொண்டு பாலத்தில் போவார். அம்மாவும் நானும் ஃபெரியில் போவோம். அந்தப் பக்கம் இறங்கினால் அப்பா காரோடு காத்திருப்பார், அங்கிருந்து மூவரும் பாகான் டாலாமில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். ஒரே வீட்டு ஆட்கள் ஒரே இடத்துக்கு இரண்டு வழியாகப் போகிற இந்தக் கூத்தைப் பற்றி யாராவது கேட்டால், "கடல் காத்து ஒடம்புக்கு நல்லதுலா" என்பாள் அம்மா. "மகாராணிக்குக் கப்பல்தான் வேணும்" என்று அப்பா சிரிப்பார். அவர் ஜுருவில் தொழிற்சாலை வேலைக்குத் தினமும் அதே பாலத்தில்தான் போய்வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அதில் ஏறியதில்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

எனக்குப் பதினேழு வயதான வருடம் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் திருவிழா. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. அந்தக் கோயிலில் அன்னதானத்துக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதிலிருந்து யார் எந்தப் பக்கம் நிற்பது என்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம். அது எனக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வருடம். ராத்திரி பகலாகப் படித்துக் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. அன்று விரதம் வேறு. பெரியம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், உருமி மேளக்காரர்களுக்கு நேர் எதிரே முன்வரிசையில் நிறுத்தினாள்.

"படிக்கிற புள்ள, ஆத்தா கண்ணுல படற மாதிரி நில்லு. எல்லாப் பாடத்துலயும் ஏ வரும்" என்றாள்.

பின்னாலும் பக்கத்திலும் கூட்டம். சாம்பிராணிப் புகை. மேளம் வேகமெடுத்தபோது என் நெஞ்சும் கூடவே வேகமெடுத்தது. மேளத்தின் அதிர்வுதான் நெஞ்சில் இடிக்கிறது என்று நினைத்தேன். மேளம் சற்று நின்றது, நெஞ்சு நிற்கவில்லை. காற்று போதவில்லை. இழுக்க இழுக்க இன்னும் போதாமல் போனது. உதட்டைச் சுற்றி மரத்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தி, பிறகு விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கி விறைத்துக்கொண்டன. என் கைதான், ஆனால் என்னால் விரிக்க முடியவில்லை. நான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. நினைத்தேன் என்று எழுதாமல் தெரிந்தது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் அதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்காது. இதை "சும்மா பயம்" என்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, கத்தலா, எனக்கே தெரியாது. பெரியம்மா என் விறைத்த கையைப் பார்த்தாள், சொருகிப்போன கண்ணைப் பார்த்தாள், குலவை போட்டாள்.

"ஆத்தா வந்துட்டா. எம் புள்ள மேல ஆத்தா வந்துட்டா."

யாரோ என் பின்னலை அவிழ்த்துவிட்டார்கள். நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். கையில் வேப்பிலையைத் திணிக்கப் பார்த்து, விரல் திறக்காததால் இடுக்கில் செருகினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளின் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. மேளத்தை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இன்னும் பலமாக அடித்தார்கள். பூசாரி குனிந்து, "யாரு தாயி வந்திருக்கிறது? என்ன கொறை, சொல்லு" என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கோவமா இருக்கா, அதான் பேச மாட்டேங்கிறா" என்று விளக்கம் சொன்னார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சாமி வருவதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வந்தவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது இறங்கியதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு வந்தது அதுவல்ல, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அத்தனை பேருக்கும் நடுவில் அம்மாவின் முகம் ஒருமுறை தெரிந்தது. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கும்பிடவில்லை. மடங்கிப்போன என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடங்கியதும் என்னைப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புதுப்பாவாடை கட்டிவிட்டார்கள். என்னைவிட வயதில் மூத்த பெண்கள் என் காலைத் தொட வந்தார்கள். ஓர் அக்கா, தன் தங்கைக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அடிஷனல் மேட்ஸே அமையவில்லை, இதில் வரனுக்கு எங்கே போவேன். பெரியம்மா பூரித்துப்போயிருந்தாள். நான் தலை சுற்றி உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட், அவர் வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் அம்மாவும் நானும் மட்டும் ஃபெரி ஏறினோம்.

படகு நகர்ந்ததும் எனக்கு மறுபடியும் காற்று போதாததுபோல் இருந்தது. அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீவி விரித்தாள். "இழுக்காத. உள்ளுக்கு இழுத்துக்கிட்டே இருந்தா அதிகமாத்தான் ஆவும். வெளிய விடு. மெதுவா, முழுசா விடு" என்றாள். விட்டேன். எங்கள் பக்கத்துப் படகுத்துறையான வெல்ட் கீ நெருங்குவதற்குள் கை சரியாகிவிட்டது. இந்த வைத்தியம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது அது.

இரண்டாவது முறை வந்தது பள்ளியில், முன்னோட்டத் தேர்வில். எங்கள் பள்ளி மண்டபத்தை டேவான் என்போம். வரிசை வரிசையாக மேசை, நான் நட்டநடுவில். கதவு தூரத்தில் இருந்தது. வினாத்தாளைத் திருப்பினேன், முதல் கேள்வி தெரிந்த கேள்விதான், ஆனால் விரல் நுனியில் ஊசி குத்தத் தொடங்கிவிட்டது. பேனாவைப் பிடித்த கை பேனாவோடு மடங்கிக்கொண்டது. நாற்காலி சாய, எழுந்து ஓடினேன். அங்கே குலவை போட யாரும் இல்லை. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் நான் படிக்காமல் வந்து நாடகம் ஆடுவதாக நினைத்தார். கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, ரொம்ப யோசிக்காதே என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யோசிக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதைப் பற்றியும் யோசனை ஓடவில்லை. மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம் வந்ததைவிடப் பெரியதாக இருந்தது. முதலில் டேவான் பக்கம் போவதை விட்டேன். பிறகு லிஃப்டை விட்டேன், எங்கள் அடுக்குமாடியில் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறினேன். மூச்சிரைத்தால் அதுவே வந்துவிட்டதுபோல் இருக்கும், பாதி மாடியில் உட்கார்ந்துவிடுவேன். பஸ்ஸை விட்டேன், பாசாரில், அதாவது சந்தையில், கூட்டமான நேரத்தை விட்டேன், டியூஷனை விட்டேன். ஒவ்வொன்றை விடும்போதும் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். மறுநாள் உலகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். கடைசியில் என் அறையும் புத்தகமும் மிஞ்சின, புத்தகத்தைத் திறந்தால் டேவான் ஞாபகம் வந்தது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதாவிட்டால் என் படிப்பு அதோடு நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அப்பா நல்லவர், ஆனால் பயம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "என்னா பயம்? சோறு இல்லையா, வீடு இல்லையா? ஃபோனக் கீழ வை, எல்லாம் சரியாயிடும்" என்றார். பெரியம்மா ஃபோனிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆத்தா கேட்டதைக் கொடுக்காமல் விட்டதால்தான் இப்படி, பூசாரியிடம் கூட்டிவந்து கயிறு கட்டி, வருடாவருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டால் அடங்கும் என்றாள். மறுபடியும் அந்த முன்வரிசை, அந்த மேளம். அதைக் கேட்டதுமே எனக்குக் கை குறுகுறுத்தது.

மூன்றாவது தீர்ப்பு பள்ளி ஆலோசகர் ஆசிரியையுடையது. மலாய்க்காரர், மெதுவாகப் பேசுவார். என்னை உட்காரவைத்து எங்கே வலிக்கிறது, எங்கே மரக்கிறது என்று கேட்டார். இது பைத்தியம் இல்லை, நடிப்பும் இல்லை, பேனிக் என்று இதற்குப் பெயர் இருக்கிறது, உன் வயதுப் பிள்ளைகள் பல பேருக்கு வருகிறது, வைத்தியம் இருக்கிறது என்றார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டதும் நான் அவர் மேசையில் தலையை வைத்து அழுதேன். அம்மாவை வரவழைத்து, மனநல டாக்டரைப் பார்க்கவேண்டும், பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்றார். டீச்சரை மலாயில் கூப்பிடுகிற மாதிரி 'சிக்கு' என்று கூப்பிட்டு, அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கரையில இருக்கா டாக்டர்? இங்க வேணாம் சிக்கு, தெரிஞ்சவங்க பார்ப்பாங்க." ஆசிரியை ஓர் அட்டையில் கிளினிக் முகவரியை எழுதி, வெள்ளிக்கிழமைக்கு நேரமும் வாங்கிக்கொடுத்தார். அம்மா அட்டையைப் பர்ஸில் வைத்தாள். "பாக்கலாம்" என்றாள்.

அன்று மாலை பெரியம்மா கூப்பிட்டாள். பூசாரி வெள்ளிக்கிழமை வரச்சொன்னாராம். அம்மா, "வர்றோம்க்கா" என்றாள். அடுத்த அறையிலிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அம்மா தன் அக்காவின் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அப்பாவிடம் கிளினிக் என்ற பேச்சை எடுத்திருக்கவே மாட்டாள். மகள் மனநல டாக்டரிடம் போனாள் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான் என்று, வேறொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அவளை வெறுத்தேன். என்னை நம்ப இந்த வீட்டில் ஒருவர் போதும், அந்த ஒருவராகக்கூட அவளால் இருக்க முடியவில்லையே என்று ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை மழை கொட்டியது. "கெளம்பு" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெல்ட் கீ வந்து சேர்ந்தபோது காற்றும் சேர்ந்துகொண்டது. கடல் சாம்பல் நிறத்தில் குதித்துக்கொண்டிருந்தது. காற்று அடங்கும்வரை படகு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பூசாரியும் இல்லை, மேளமும் இல்லை, வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அம்மா கூரைக்கடியில் நின்று கடலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து அந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஃபோன்ல கார் கூப்பிடு. இந்த எடத்துக்கு."

அது கிளினிக் முகவரி. எனக்கு நம்ப முடியவில்லை. "பெரியம்மா கிட்ட வர்றோம்னு சொன்னியேம்மா?"

"சொன்னேன். சொல்லலன்னா அவ இங்க வந்து நிப்பா."

"பாலத்துல போவணும்மா."

"தெரியும்லா. கூப்பிடு."

வந்த கார் ஒரு சீனப் பெரியவருடையது. பாலத்தில் ஏறியதும் அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள், கடல் தெரியாதபடிக்கு. பாதிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. "ஹுஜான் பெசார் லா, ஆண்டி. ஜேம்" என்று பெரியவர் மழையைக் காட்டிச் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார். முன்னாலும் பின்னாலும் கார்கள். கீழே கடல். இறங்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

அந்தச் சத்தத்தை நான்தான் முதலில் கேட்டேன். சின்னச் சின்னதாக, அவசரமாக இழுக்கும் மூச்சு. என் மூச்சுதான் என்று நினைத்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை. திரும்பினேன். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. மடியில் பர்ஸின் மேல் இருந்த அவள் விரல்கள் உள்ளே மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கையில் ஒட்டி, விறைத்திருந்தன. எனக்குத் தெரிந்த கை அது.

கடல் காற்று ஏன் உடம்புக்கு நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. படகில் மஞ்சள் தண்ணீர் காயாத என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெளியே விடு என்று அவள் சொன்னது எங்கே கற்றது என்றும் புரிந்தது. அவள் கையை என் மடியில் எடுத்து வைத்து ஒவ்வொரு விரலாக நீவினேன். "இழுக்காதம்மா. வெளிய விடு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். கண்ணாடியில் எங்களைப் பார்த்த டிரைவர் கேட்காமலேயே அவள் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். மழைச்சாரல் அவள் கன்னத்தில் பட்டது. வண்டிகள் நகரத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் விரல்கள் இளகின.

"அன்னிக்கே தெரியும்" என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை. "கோயில்ல ஒன் கையப் பாத்ததுமே தெரியும். ஆத்தா இல்லன்னு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் தலையில் குடம் குடமாகக் கொட்டியபோது, காதுக்குள் மேளம் அடித்தபோது, எல்லாம் தெரிந்துகொண்டு நின்றிருக்கிறாள். "தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?"

அம்மா கண்ணைத் திறந்தாள். கரை தெரிய ஆரம்பித்திருந்தது.

"சாமின்னா கால்ல வுழறாங்க. நோவுன்னா என்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். அது சாமியாவே இருந்துட்டுப் போவட்டும், எம் புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "நீ பஸ்ஸ வுட்ட. லிஃப்ட வுட்ட. நானும் அப்படித்தான் ஒண்ணொண்ணா வுட்டேன். கடைசியில இந்தப் பாலம். நீயும் என்ன மாதிரி ஆயிடுவியோன்னு பயமா இருக்குதும்மா."

நான் அவள் கையை விடவில்லை.

கிளினிக் ஒரு கடை வீட்டு மாடியில் இருந்தது. டாக்டர் தமிழ்ப் பெண், இளவயது. அவரைப் பார்த்ததுமே அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தமிழ் டாக்டர் என்றால் யாருக்காவது சொந்தமாக இருப்பாரோ, பெரியம்மா காதுக்குப் போய்விடுமோ என்ற கவலை. டாக்டர் என்னிடம் நிறைய கேட்டார், நான் எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் தண்ணீர் உட்பட. அவர் சிரிக்கவில்லை. ஆபத்து வந்தால் ஓடச் சொல்லி உடம்பு மணி அடிக்கும், உங்களுக்கு ஆபத்து இல்லாத நேரத்திலும் அந்த மணி அடித்துவிடுகிறது, அதனால் உயிர் போகாது, அதை மெல்ல மெல்லப் பழக்கலாம் என்றார். பள்ளிக்குச் சொல்லித் தேர்வில் கதவோரமாக இடம் கேட்கலாம் என்றார். கதவோரம் என்றதும் எனக்கு மூச்சு இலகுவானது. அந்தக் கதவோர நாற்காலியில்தான் பிறகு நான் தேர்வை எழுதினேன், ஒரு தாளில் இரண்டு முறை வெளியே போய்வந்து.

பிறகு டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்க்காமல், "இல்ல டாக்டர்" என்றேன். காரில் சொன்னது என்னோடு இருக்கட்டும் என்று தோன்றியது. வீட்டில் யாருக்கும் தெரியாததை ஒரு தமிழ் டாக்டரின் முன் நான் போட்டு உடைக்க முடியுமா. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"எனக்கு" என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்தார். அம்மாவின் முகத்தை மறைத்திருந்த தலைப்பு தோளில் இறங்கியிருந்தது.

"எனக்கு இருக்கு டாக்டர். இவளவிடச் சின்ன வயசுலேர்ந்து. யாருகிட்டயும் சொன்னதில்ல. இவங்க அப்பாவுக்கும் தெரியாது."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தனியாகப் பேசவேண்டுமா, மகளை வெளியே உட்காரச் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்" என்றாள். "இவ இருக்கட்டும். இவ கேக்கணும்."